மான் வேட்டை: பரணில் காத்திருப்பதா, நடந்து தேடுவதா?

வாசகர் ஒருவர் எழுதியது:

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எனக்கு இது இரண்டாவது வேட்டை சீசன். என்னைக் கூட்டிப் போகும் அலுவலக நண்பர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். விடிவதற்கு முன் பரணில் ஏறு, இருட்டியதும் இறங்கு, நடந்தவன் மானின் வாலைத்தான் பார்ப்பான். போன வருடம் அப்படியே செய்தேன், ஒன்றும் வரவில்லை. என் கருத்து, பரண் வேட்டை அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பது. மெதுவாக நடந்து தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேட்டை. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

அக்டோபர் 10

மறுக்கிறேன். வெள்ளைவால் மானுக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது, தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 பாகைக்குப் பார்க்கும். நாம் போடும் ஆரஞ்சுச் சட்டை அதற்கு ஆரஞ்சாகத் தெரியாது, சிவப்புப் பக்க நிறங்களைப் பிரித்தறியும் செல் அதன் கண்ணில் இல்லை. நீலம் நன்றாகத் தெரியும், அதனால் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆனால் நிறத்தை விடுங்கள், அசைவுதான் விஷயம். மங்கல் வெளிச்சத்தில் நீங்கள் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால்கூடப் பிடித்துவிடும்.

நடக்கிற விலங்கின் கவனம் சிதறும், நிற்கிற விலங்கின் கவனம் கூர்மையாக இருக்கும். மனிதனுக்கும் அதேதான். காட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால், நின்றுகொண்டிருப்பவர்தான் மற்றவரை முதலில் பார்ப்பார். பரணில் உட்காருவது என்றால் நடக்கிற வேலையை மானிடம் விட்டுவிடுவது. அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். இந்த நேரத்தில், இந்த இடத்தில், மான் நடக்குமா, படுத்திருக்குமா? நடக்கும் என்றால் உட்காருங்கள். படுத்திருக்கும் என்றால் யோசிக்கலாம்.

அக்டோபர் 10, இரவு

ஒன்று விட்டுப்போனது. உட்கார்ந்தாலும் நடந்தாலும் காற்று உங்கள் முதுகிலிருந்து மான் இருக்கும் பக்கம் அடித்தால் அன்றைய வேட்டை கெட்டது. கண் ஏமாறும், காது ஏமாறும், மூக்கு ஏமாறாது. வாடை நீக்கும் சோப்பு, ஸ்பிரே எல்லாம் கடையில் கிடைக்கும். அவற்றை நம்பித் தப்பான காற்றில் உட்காராதீர்கள்.

அக்டோபர் 13

"எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லாமல் உட்கார் என்றால் எப்படி" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. முதல் கேள்வி கேட்டவரின் போன வருடப் பிரச்சினையும் அநேகமாக இதுதான். யாரோ வசதிக்காகக் கட்டி வைத்த பரண், பாதையிலிருந்து பக்கம், அழகான காட்சி. மானுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லாமல் இருக்கலாம்.

நான் பெரும்பாலும் போவது மாநிலத்தின் தென்மேற்குப் பக்கம், டிரிஃப்ட்லெஸ் பகுதி. பனியுகத்தில் பனிப்பாறை மூடாமல் விட்ட நிலம் என்பதால் ஏரி குறைவு, செங்குத்தான மேடும் பள்ளத்தாக்குமாக இருக்கும். மேட்டின் மேல் சோள வயல், சரிவில் ஓக் காடு, கீழே ஓடை. அக்டோபரில் மான் எங்கே தின்னும் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வெள்ளை ஓக்கின் கொட்டையில் டானின் குறைவு, துவர்ப்பு குறைவு, அது விழுகிற வாரங்களில் மான் சிவப்பு ஓக்கைச் சீண்டாது. அறுவடையாகாத சோளம் பக்கத்தில் நின்றால் மான் அதற்குள்ளேயே படுத்து அதையே தின்று கிடக்கும், நீங்கள் காட்டுக்குள் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தாலும் பயனில்லை. அறுவடை இயந்திரம் வந்த மறுநாள் காட்சி மாறிவிடும்.

சரிவுகளில் காற்றுக்கு இரண்டு குணம் உண்டு. வெயில் ஏறியதும் சூடான காற்று மேட்டை நோக்கி எழும். மாலையில் குளிர்ந்து, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் இறங்கும். அதனால் காலையில் மேலே உட்காருவது, மாலையில் கீழே உட்காருவது என்று பழகிக்கொண்டேன். வானிலை அறிக்கை மேற்குக் காற்று என்று சொன்னாலும் பள்ளத்துக்குள் அது சுழன்று எங்கே வேண்டுமானாலும் போகும். சட்டைப்பையில் மில்க்வீட் என்ற செடியின் பஞ்சு கொஞ்சம் வைத்திருப்பேன், ஒரு இழையைப் பறக்க விட்டால் காற்று போகிற வழி முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அதை ஒரு தடவை பார்த்தால் போன வருடம் மான் ஏன் வரவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பரண் ஏறுகிறவர்கள் எல்லோரும் பாதுகாப்பு பெல்ட் கட்டுங்கள். தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே கட்ட வேண்டும், மேலே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று ஏறக்கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். வேட்டையில் அடிபடுபவர்களில் பெரும்பகுதி துப்பாக்கியால் இல்லை, மரத்திலிருந்து விழுந்துதான்.

அக்டோபர் 19

இந்தக் கேள்வி-பதில் இழை வேறு பக்கம் போகிறது, இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து படிக்கும் ஒருவர் மான் வேட்டை குற்றமில்லையா, இதைப் பெருமையாக எழுதலாமா என்று கேட்கிறார். இந்தியாவில் குற்றம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைத் தொட்டால் சிறை. அது அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முழு மனதாக நினைக்கிறேன். நான் எழுதுகிற எதையும் நம் ஊர்க் காட்டுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

அமெரிக்காவின் கதை வேறு. இங்கேயும் 1900 வாக்கில் சந்தைக்காகக் கொன்று கொன்று வெள்ளைவால் மான் நாடு முழுவதும் சில லட்சமாகச் சுருங்கியது. இறைச்சி வியாபாரத்தைத் தடுத்தார்கள், சீசனும் வரம்பும் வந்தன. 1937-ல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்து, துப்பாக்கி, தோட்டா மீதான வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போக ஆரம்பித்தது. இன்றைக்கு மான் எண்ணிக்கை சுமார் 3 கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத இடங்களில் மான் பெருகினால் ஓக் கன்று ஒன்றுகூட வளராது, குளிர்காலத்தில் அவை பட்டினியிலும் சாகும். சட்டப்படி உரிமம் எடுத்து, ஒன்று சுட்டு, அதை முழுவதும் சாப்பிடுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

இன்னொருவர் எச்1பி விசாவில் இருக்கிறார், துப்பாக்கி தொடலாமா என்கிறார். தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. உரிமம் கையில் வருவதற்கு முன் நண்பரின் துப்பாக்கியைக்கூட வாங்கிப் பார்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் வாங்க, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும்.

அக்டோபர் 26

இப்போது நடப்பது பற்றி. அக்டோபர் 10 குறிப்பில் ஒரு முரண் இருப்பதாக மினசோட்டா நண்பர் பிடித்திருக்கிறார். நிற்பவன்தான் முதலில் பார்ப்பான் என்கிறாய், மான் படுத்திருக்கும்போது நடக்கலாம் என்கிறாய், படுத்திருக்கும் மான்தானே முதலில் பார்க்கும்? ஆமாம், அதுதான் பார்க்கும். வளர்ந்த ஆண் மான் படுக்கிற இடமே அதற்காகத் தேர்ந்தெடுத்தது. மேட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கில், காற்று படாத பக்கச் சரிவில், முதுகுக்குப் பின்னாலிருந்து வாடை வரும்படி, கீழே சரிவு முழுவதும் கண்ணில் படும்படி படுத்திருக்கும். பின்னால் வருபவனை மூக்கு சொல்லும், முன்னால் வருபவனைக் கண் சொல்லும்.

ஆனாலும் சிலர் நடந்து போய் மானைச் சுட்டு எடுக்கிறார்கள். எப்படி என்றால், அவர்கள் நடப்பது மிகக் குறைவு. இரண்டு மூன்று அடி வைப்பார்கள், ஒரு மரத்தோடு ஒட்டி நிற்பார்கள், ஐந்து நிமிடம், சில இடத்தில் பதினைந்து நிமிடம். பைனாகுலரில் மரத்துக்கு மரம் பார்ப்பார்கள். முழு மானைத் தேட மாட்டார்கள். காட்டில் எல்லாமே செங்குத்துக் கோடு, மானின் முதுகு ஒன்றுதான் படுக்கைக் கோடு, அதைத் தேடுவார்கள். காது அசைவது, மூக்கின் கறுப்பு, கொம்பின் ஒரு முனை. பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த அடி. ஒரு மணி நேரத்தில் கால்பந்து மைதான நீளம் போனால் அது வேகம்.

இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பரணில் இருப்பதைவிட இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். பரணில் உடம்பைக் கட்டிப்போட்டுவிட்டு மனதை எங்கேயாவது அலைய விடலாம், அலைந்தாலும் மான் வந்து குச்சியை மிதித்தால் மனது திரும்பி வந்துவிடும். நடக்கும்போது மனது ஒரு நிமிடம் எங்கேயாவது போனால் கால் தானாக வேகமெடுக்கும், அந்த நிமிடத்தில்தான் எதிர்ச் சரிவில் வெள்ளை வால் எழும். எனவே கேள்வி கேட்டவருக்கு நேரடியாகச் சொல்கிறேன். உட்காரப் பொறுமை இல்லை, அதனால் நடக்கிறேன் என்றால் அது நடக்காது. உட்காரத் தெரிந்தவனுக்குத்தான் நடை கைகூடும்.

தரை எப்படி இருக்கிறது என்பதும் உண்டு. உறைபனி விழுந்த காலையில் காய்ந்த ஓக் இலை அப்பளம் மாதிரி நொறுங்கும், அன்றைக்கு நடப்பதை மறந்துவிடுங்கள். இரவு மழை பெய்து இலை ஊறியிருந்தால், லேசான தூறலும் கொஞ்சம் காற்றும் சேர்ந்தால், அதுதான் நடக்கிற நாள். கிளைகள் எல்லாம் ஆடுவதால் உங்கள் அசைவும் அதில் கலந்துவிடும்.

அக்டோபர் 27

பைனாகுலர் பற்றி நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியில் இருக்கும் ஸ்கோப்பை வைத்து எதையும் தேடாதீர்கள். ஸ்கோப்பில் பார்க்கிறீர்கள் என்றால் குழல் அங்கே நீட்டியிருக்கிறது. அங்கே இருப்பது மனிதனாக இருக்கலாம்.

நவம்பர் 4

இணைசேரும் பருவம் தொடங்கிவிட்டது. இங்கே எல்லோரும் ரட் என்கிறார்கள். பகல் நீளம் குறைவதுதான் அதற்கு மணி அடிக்கிறது, குளிர் இல்லை. வெயில் அடிக்கிற நவம்பரிலும் அது அதே வாரங்களில்தான் வரும். பெண் மான் சுமார் 200 நாள் சுமக்கும், கணக்குப் போட்டால் குட்டி மே கடைசியிலோ ஜூனிலோ, புல் வளர்ந்திருக்கும்போது பிறக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி நவம்பர்.

இந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் நான் முன்னால் எழுதிய நடக்குமா படுக்குமா கணக்கு மாறுகிறது. மற்ற மாதங்களில் வளர்ந்த ஆண் மான் விடியலிலும் அந்தியிலும்தான் நடமாடும். இப்போது அது பெண் மானைத் தேடிப் பகல் முழுவதும் அலையும். பகல் பதினொன்று, பன்னிரண்டு, எல்லோரும் சாப்பிடக் காருக்குத் திரும்பும் நேரம், பெரிய கொம்போடு தனியாக ஒரு சரிவைக் கடக்கும். நடக்கிற வேலையை அது முழு நேரமாகச் செய்யும்போது நாம் ஏன் நடக்க வேண்டும்? இந்த வாரங்களில் சாப்பாட்டை மேலேயே எடுத்துப் போங்கள். நான் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோவேன். வாடை வராதா என்று கேட்பீர்கள். என் உடம்பு வாடையே மானுக்குப் போகாத இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், சோற்று வாடை மட்டும் தனியாகப் போகாது.

நாள் முழுவதும் அசையாமல் இருக்க முடியாததற்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணம், மனத்திடம் குறைவு இல்லை. பருத்தி உள்ளாடையை விடுங்கள், கம்பளி போடுங்கள். பரணுக்கு நடக்கும்போது மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்கப் போகாதீர்கள். அதைச் சுருட்டிப் பையில் வைத்து, மெல்லிய சட்டையோடு போய், மேலே ஏறி உடம்பு ஆறியதும் போடுங்கள். வியர்வை ஈரத்தோடு உட்கார்ந்தவன் ஒன்பது மணிக்கு நடுங்க ஆரம்பிப்பான், பத்து மணிக்கு இறங்கிவிடுவான்.

நவம்பர் 9

கலைத்து வேட்டையாடுவதை ஏன் யாரும் பேசவில்லை என்று மிச்சிகன் நண்பர். அவருக்கு அதில் ருசி. சிலர் காட்டின் ஒரு முனையிலிருந்து வரிசையாக நடந்து வருவார்கள், மற்றவர்கள் மறுமுனையில் துப்பாக்கியோடு நிற்பார்கள். நம் பக்கம் முன்பு முயலுக்குச் செய்தது போலத்தான். தெற்கு மாநிலங்கள் சிலவற்றில் நாயை விட்டே மானைக் கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. விஸ்கான்சினில் அது கிடையாது.

எனக்கு இதில் இரண்டு மனது. பக்கத்துப் பண்ணையில் மூன்று தலைமுறையாக அப்படித்தான் செய்கிறார்கள், தாத்தா, மகன், பேத்தி எல்லோரும் சேர்ந்து. அந்தக் கூட்டத்தோடு நடந்திருக்கிறேன், அந்த மதியங்களின் சந்தோஷத்தைப் பரண் தராது. மான் பற்றியும் நிறையக் கற்றுக்கொண்டேன். வயதான ஆண் மான் நேராக ஓடி மறுமுனைக்குப் போகாது. வரிசை நெருங்கும்வரை புதரில் தலையைத் தரையோடு வைத்துக் கிடக்கும், பிறகு இரண்டு பேருக்கு நடுவே நழுவிப் பின்னால் போய்விடும். அங்கேயும் அசையாமல் இருந்ததுதான் தப்பிக்கிறது.

ஆனால் ஓடுகிற மானைச் சுடுவது எனக்குப் பிடிக்காது. குறி தவறி வயிற்றிலோ காலிலோ பட்டால் அந்த விலங்கு படும் பாட்டுக்கு நாம்தான் பொறுப்பு. அப்புறம், எதிரே நம் ஆட்களே நடந்து வருகிறார்கள். யார் எங்கே நிற்பது, எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் புறப்படும் முன் தரையில் கோடு போட்டுப் பேசாத கூட்டத்தோடு போகாதீர்கள், அழைப்பவர் யாராக இருந்தாலும் சரி.

நவம்பர் 22, இரவு

துப்பாக்கி சீசன் முதல் நாள். இந்த மாநிலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஒன்பது நாளில் காட்டுக்குள் இருப்பார்கள், சீசனில் விழும் மானில் ஏறக்குறைய பாதி முதல் சனி, ஞாயிறிலேயே விழும். இன்று பரணை விட்டு இறங்கவில்லை. விடிந்து ஒரு மணி நேரம் வரை மான்கள் அவற்றின் வழக்கப்படி வந்தன. ஒன்பதரைக்கு மேல் வந்தவை எல்லாம் வேறு மாதிரி. காது பின்னால் திரும்பியிருந்தது, வாய் திறந்திருந்தது, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நடந்தன. குளிர் தாங்காமல் இறங்கி நடந்தவர்கள், காபிக்குப் போனவர்கள், இடம் மாற்றியவர்கள், அவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்காக மானைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் பரண்காரரின் பொறுமை பலித்தது என்றால் அதில் பாதி மற்றவர்களின் நடை. இதைப் பரண்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் வாரக் கடைசியில் நடக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செவ்வாய், புதன் வந்தால் காடு காலியாகிவிடும். மான் இரவில் மட்டும் நடமாடப் பழகிவிடும். அப்போது பரணில் உட்கார்ந்தால் அணில்தான் வரும். நடக்க வேண்டிய நாட்கள் அவை.

நான் எடுக்கவில்லை. வந்தவற்றில் சுட வேண்டும் என்று தோன்றிய ஒன்று மரங்களுக்கு நடுவே நிற்கவே இல்லை.

நவம்பர் 25

வில் சீசனில் மாலையில் ஒரு மானை அடித்து, இருட்டில் உடனே பின்னால் போய், தொலைத்துவிட்டதாக ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். பொதுவில் பதில் சொல்ல அனுமதி கொடுத்தார், நன்றி. இந்த இழையில் பேசிய எல்லாவற்றையும்விட எனக்கு இது முக்கியம்.

அம்போ குண்டோ பட்ட பிறகு உங்கள் உடம்பு முழுவதும் போ போ என்று சொல்லும். போகக் கூடாது. மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தையும் மனதில் குறித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருங்கள். பிறகு இறங்கி, அடிபட்ட இடத்துக்கு மட்டும் போய் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, சின்னச் சின்ன நுரையோடு இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் போதும், நூறு கஜத்துக்குள் கிடக்கும். அடர்ந்த கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம், நான்கு மணி நேரமாவது விடுங்கள். பச்சையாக, தின்ற தீனி கலந்து, நாற்றம் வந்தால் வயிறு. அப்போது எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். மாலை அடித்தால் மறுநாள் காலை.

காரணம் எளிது. வயிற்றில் பட்ட மானைத் துரத்தாவிட்டால் அது பெரும்பாலும் கொஞ்சத் தூரத்திலேயே, அடர்ந்த புதரிலோ தண்ணீர் ஓரத்திலோ படுத்துவிடும், அங்கேயே இறக்கும். நீங்கள் விளக்கோடு போனால் பயத்தில் எழுந்து ஓடும், ஒரு மைல் ஓடும், குடல் காயத்தை அடைத்துக்கொண்டு ரத்தமும் சொட்டாது. பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தனியாக எங்கேயோ மணிக்கணக்கில் வலியோடு கிடந்து சாகும். நாம் காத்திருக்கவில்லை என்பது தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் மாதச் சூட்டில் இரவு முழுவதும் விட்டால் இறைச்சி கெடும். நரி போன்ற கயோட்டி உள்ள இடத்தில் காலையில் எலும்புதான் மிஞ்சும். மழையோ பனியோ வரப்போகிறது என்றால் ரத்தத் தடம் அழிந்துவிடும். இவை உண்மைதான். இருந்தும், இறைச்சி கெடலாம் என்ற பயத்தில் உயிரோடு இருக்கும் மானை எழுப்பிவிட்டால் இறைச்சியும் இல்லை, மானும் இல்லை. கயிற்றில் பிடித்த நாயை வைத்து அடிபட்ட மானைத் தேடப் பல மாநிலங்களில் அனுமதி இருக்கிறது, அதைச் செய்து தருபவர்கள் எண்ணைச் சீசனுக்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் முதலில் கேட்பது "நீங்கள் எவ்வளவு தூரம் பின்னால் போனீர்கள்" என்றுதான்.

பிறகு தேடப் போகும்போது நேர்மாறு. அப்போது நடைதான், விடாத நடை. கடைசி ரத்தத் துளியில் டிஷ்யூ காகிதம் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுங்கள், திரும்பிப் பார்த்தால் மான் போன திசை வரிசையாகத் தெரியும். தரையை மட்டும் பார்க்காதீர்கள், இடுப்பு உயரப் புல்லின் பக்கத்தில் ரத்தம் ஒட்டியிருக்கும். தடம் நின்றுபோனாலும் நிறுத்தாதீர்கள். வட்டம் வட்டமாக, கட்டம் கட்டமாக, அன்றைய நாள் முழுவதும். வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டி வந்தால் எடுங்கள்.

நவம்பர் 27

வடக்கே பனி. தேங்க்ஸ்கிவிங் காலையில் இதை எழுதுகிறேன், வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள்.

பனியில் தடம் பிடித்துப் போவது தனி வித்தை. அதற்குப் பேர் போனது மேய்ன், வெர்மான்ட் பக்கம். வெர்மான்டின் பெனாய்ட் குடும்பம், மறைந்த லாரி பெனாய்ட்டும் அவர் மகன்களும், விடியலில் ஒரு பெரிய தடத்தைப் பிடித்தால் நாள் முழுவதும் அதன் பின்னாலேயே மைல் கணக்கில் போவார்கள். முதல் பாதி வேகமாக. தடம் வளைந்து நெளிந்து மேய ஆரம்பித்ததும் நின்று நின்று போகிற நடைக்கு மாறுவார்கள். மான் படுக்க இடம் தேடுகிறது என்று அர்த்தம். ஒரே வேட்டைக்குள் இரண்டும் இருக்கிறது, எப்போது மாற வேண்டும் என்று தடமே சொல்கிறது.

எல்லா இடத்திலும் அது முடியாது. நம் மாநிலத்தின் வடக்கே ஷெவாமகன்-நிக்கொலே தேசியக் காடு சுமார் 15 லட்சம் ஏக்கர், அங்கே முடியும். தெற்கில் 40 ஏக்கர் வேலிக்குள் தடம் பிடித்தால் அரை மணியில் பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தில் நிற்பீர்கள். சின்ன நிலத்தில் நடந்தால் மானை அடுத்தவருக்கு அனுப்பி வைக்கிறீர்கள் என்றும் அர்த்தம். நிலத்தின் அளவு பாதி முடிவை எடுத்துவிடுகிறது. இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்கலாம்.

டிசம்பர் 3

கேள்வி கேட்டவர் ஒரு பெண் மான் எடுத்துவிட்டார்! சீசன் கடைசி சனிக்கிழமை, ஈரமான சரிவில், பகலில், நடந்து போய். வாழ்த்துகள். இரண்டு மணி நேரத்தில் பார்க்கிங்கிலிருந்து முந்நூறு கஜம்கூடப் போகவில்லை என்று எழுதியிருந்தார், அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த மகிழ்ச்சி கொஞ்சமில்லை.

இறைச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் சிடபிள்யூடி பரிசோதனை. அது மானுக்கு வரும் மூளை நோய், விஸ்கான்சினில் இருப்பது 2002-ல் தெரியவந்தது, பிரியான் என்ற புரதத்தால் வருவது, சமைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அறிவுரை. தலையைக் கொடுத்தால் இயற்கை வளத்துறை இலவசமாகப் பார்த்துத் தரும். முடிவு வரும் வரை உறைபெட்டியில் பெயர் எழுதி வையுங்கள். கொழுப்பே இல்லாத இறைச்சி, ஆட்டுக்கறி போலக் கொதிக்க விட்டால் ரப்பராகிவிடும். முதுகுச் சதையை மெல்லிசாக வெட்டி, நல்லெண்ணெயில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வேகமாக வறுத்து இறக்குங்கள். கால் சதைக்குக் குக்கர், நிறைய நேரம். மானின் சொந்தக் கொழுப்பு வாயில் மெழுகு போல் ஒட்டும், வெட்டி எறியுங்கள்.

டிசம்பர் 8

அடுத்த வருடத்துக்கு இப்போதே என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். நடங்கள். பிப்ரவரி, மார்ச்சில், இலை இல்லாதபோது, பனி உருகும் நேரத்தில் உங்கள் நிலம் முழுவதும் நடங்கள். அந்த நேரத்தில் மானை எழுப்பிவிட்டாலும் நவம்பருக்குள் மறந்துவிடும். ஆனால் கடுங்குளிரில், ஆழமான பனியில் அவை கூட்டமாக ஒதுங்கியிருக்கும் தேவதாருத் தோப்புக்குள் மட்டும் போகாதீர்கள், அங்கே ஓட வைத்தால் வசந்தம் வரை தாங்க வைத்திருக்கும் கொழுப்பு போய்விடும். உதிர்ந்த கொம்பு கிடைக்கும், போன நவம்பரில் மரத்தில் உரசிய தழும்பு அப்படியே தெரியும், படுக்கைகள் தெரியும். படுக்கை கிடைத்தால் அதில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து உங்கள் பரண் தெரிகிறதா, நீங்கள் பரணுக்கு நடந்து வரும் வழி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வழியை மாற்றுங்கள், மரத்தையும் மாற்றுங்கள்.

பொது நிலத்தில் பரணை நிரந்தரமாக ஆணி அடிக்கக் கூடாது, கழற்றி எடுக்கும் வகைதான். விதி இடத்துக்கு இடம் மாறும், அந்த நிலத்தின் பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.